பாடல் பெற்ற மலரும் பாடல் பெறாத பறவையும்

தோற்றுவாய்

மத்திய அரசுப் பணியில் இருப்போர்க்குப் பிறந்த ஊர் செல்லும் நாளை எண்ணிக்கொண்டிருத்தல் இயல்பான பழக்கம். விடுப்புப் பயணச் சலுகையை எல்.டி.சி. என்று அலுவலகத்தில் சொல்லுவோம். நான்கு ஆண்டுகள் கொண்டது அதன் ஒரு காலக்கூறு. அத்தகைய காலக்கூறு மூன்று கழிந்தால் 12 ஆண்டுகள். நீலகிரி மலையில் ஒரு குறிஞ்சிச் செடி முளைத்து, வளர்ந்து, பூத்து, மடிவதற்கு ஆகும் காலமும் அதுவே. முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறும் எழுத்தர் ஒருவர் தம் பணிக்காலத்தில் குறிஞ்சி பூக்கும் ஆண்டை இரண்டு முறையோ, நற்பேறு இருப்பின் மூன்று முறையோ காணலாம்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நீலகிரி மாவட்டத்திலுள்ள எம் சிற்றூருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அது குறிஞ்சி பூத்த ஆண்டு. ஊருக்கு மேலே ஒரு மலைமுகட்டில், புல்லுக்கிடையே நீலப் பூக்கள் விரிந்திருந்தன. மக்கள் கூட்டமாக வந்து, நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அப்போது எம் காலடிக்குச் சற்று அப்பால் ஒரு சிறு பறவை புல்லிலிருந்து எழுந்து, தாழப் பறந்து, ஒரு புதரின் மேல் அமர்ந்தது. மண்ணிறம், மார்பில் கருங்கீற்றுகள், கண்ணைக் கவரும் வண்ணம் ஏதுமில்லை. “அப்பா, அந்தக் குருவிக்குப் பேர் என்ன?” என்று எம் மகன் கேட்டான். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எமக்கு விடை தெரியவில்லை. தொலைநோக்கியுடன் வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவரே, “நீலகிரி நெட்டைக்காலி” என்று சொன்னார்.

மலரின் பெயரை அங்கு வந்திருந்த அனைவரும் அறிவர். பறவையின் பெயரை அறிந்தவர் அவர் ஒருவரே. இரண்டும் அழிவை எதிர்நோக்கி நிற்கும் உயிர்கள் என்பதும், இரண்டின் இடரும் ஒரே இடத்திலிருந்து வருவது என்பதும் யாம் பின்னர்ப் படித்தறிந்தவை. அவ்விரண்டையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடல் பெற்ற மலர்

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி ஆயின. அந்நிலத்தின் காதல் ஒழுக்கமும் குறிஞ்சி. அந்நிலத்தின் பண்ணும் குறிஞ்சி. ஒரு செடியின் பெயர் நிலத்துக்கும் வாழ்வுக்கும் இசைக்கும் பெயராகிய பெருமை இது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்பொருட்டுக் கபிலர் பாடியது என்று வழங்கும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. வடபுலத்து மன்னன் ஒருவனுக்குத் தமிழின் சுவையை உணர்த்த வந்த பாட்டு மலைநிலத்துப் பாட்டாக அமைந்தது, வடபுலத்தில் வாழும் நமக்கு ஒரு நல்ல நினைவு. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3-ஆம் பாடலில் குறிஞ்சிப் பூவும் அதன் தேனும் இடம்பெறுகின்றன. குறிஞ்சி நிலத்தின் தெய்வமாகிய முருகனுக்குக் கோடைக்கானலில் 1936-இல் எழுந்த கோயில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்றே வழங்குகிறது.

அறிவியலார் இச்செடிக்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று பெயரிட்டுள்ளனர். ஜெர்மானிய அறிஞர் நீஸ் என்பவர் 1832-இல் இதனை முதன்முதலாக விவரித்து, தம் நாட்டுத் தாவரவியலறிஞர் கூன்த் என்பாரின் நினைவாக இப்பெயரின் பிற்பகுதியை அமைத்தார். அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்தி ஆற்றின் பெயரே இது என்று சிலர் எழுதுவர். ஒலி ஒப்புமையால் எழுந்த கருத்து அது.

இச்செடி பெரும்பாலும் முழங்கால் அளவிலும் சற்று மேலும் வளர்வது. பதினோர் ஆண்டுகள் பூவாது நின்று, பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே பூக்கும். பூத்து, விதைத்து, அந்தத் தலைமுறை முழுவதும் மடியும். 1838-ஆம் ஆண்டு முதல் இதன் பூப்பு ஆண்டுகள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. 1970, 1982, 1994, 2006, 2018 என்பன அவ்வரிசையில் அண்மையவை. அடுத்தது 2030.

இம்மலரைக் காப்பதற்கு முயற்சிகள் பல நடந்துள்ளன. 2006-இல் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதியில் 32 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. அதே ஆண்டில் அஞ்சல் துறை குறிஞ்சிக்கு ஒரு தபால் தலை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் குறிஞ்சியும் சேர்ந்தது. 2024-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் செம்பட்டியலில், அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் வரிசையில் இதனை வைத்தது. பாடல் பெற்ற தலத்துக்குத் திருப்பணி செய்வோர் எக்காலத்தும் கிடைப்பர் அன்றோ? குறிஞ்சியும் அவ்வாறே.

பாடல் பெறாத பறவை

இனிப் பறவையைக் காண்போம். நீலகிரி நெட்டைக்காலி, வாலாட்டிக் குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம். ஷார்ப் என்னும் ஆங்கிலப் பறவையியலறிஞர் 1885-இல், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பறவைப் பட்டியலை எழுதுங்கால், இதற்கு ஆந்தஸ் நில்கிரியென்சிஸ் என்ற பெயரைச் சூட்டினார். பெயரிலேயே நீலகிரியைச் சுமந்திருக்கும் பறவை இது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகிய உயர்மலைகளின் புல்வெளிகளே இதன் உலகம். அவற்றிலும் கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படும். உலகில் வேறெங்கும் இல்லை.

இது பாடும் பறவையினத்தைச் சார்ந்தது. ஆயினும் குயிலைப் போல் ஊரைக் கூட்டும் குரல் இதற்கு இல்லை. மெல்லிய, துடிப்பான சிறு குரலே இதன் பாட்டு. மலைக்காற்று சற்றுப் பலமாக வீசினால் அதுவும் செவிக்கு எட்டாது. புழு பூச்சிகளையும் புல்விதைகளையும் தின்னும். மரத்தில் கூடு கட்டாது. புல்தூரின் அடியில், தரையிலேயே, கூட்டை அமைத்து முட்டையிடும். ஆதலின் இதற்குப் புல்வெளி உணவுக்களம் மட்டுமன்று. பிறந்த வீடும் பிள்ளை வளர்க்கும் இடமும் அதுவே.

இதன் உறவினமாகிய வயல் நெட்டைக்காலியை இந்தியா முழுவதும் காணலாம். நாம் வாழும் இவ்வடபுலத்து நகரங்களின் பூங்காப் புல்தரைகளிலும் அது ஓடித் திரியும். நெட்டைக்காலி இனங்கள் சில, குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து தென்னாட்டுக்கு வந்து திரும்புவன. நீலகிரி நெட்டைக்காலியோ புலம்பெயராதது. பிழைப்புக்காக ஊரை விட்டு வெளியேறிய நமக்கு, வேறிடத்தில் வீடும் வாழ்வும் கிடைத்தன. இப்பறவை தன் முகட்டை விட்டுக் கீழிறங்கி வாழ வேறு புலம் இல்லை.

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களாக இலக்கணம் கூறும் பறவைகள் மயிலும் கிளியும். தினைப்புனத்தில் வந்து விழும் கிளியை ஓட்டும் தலைவி இல்லையேல் குறிஞ்சிப் பாடல்கள் பாதி வெறுமையாகிவிடும். ஆனால் மலைமுகட்டுப் புல்லில் ஒளிந்து வாழும் இச்சிறு பறவைக்கு அங்கு இடமில்லை. தினை விளையும் சரிவுகள் வேறு. உறைபனி பெய்யும் உயர்முகடுகள் வேறு. ஆதலின் புலவரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் விளைவு ஒன்றே. இப்பறவைக்கு விழா இல்லை, கோயில் இல்லை, பூத்த செய்தியைப் போல ஆண்டு குறித்துச் செய்தித்தாள் எழுதுவதும் இல்லை. இதுவும் செம்பட்டியலில் குறிஞ்சி இருக்கும் அதே வரிசையில்தான் உள்ளது. இதன் நிலை அதனினும் மோசமானது, அடுத்த கடுமையான வரிசைக்கு இதனை மாற்றுதல் வேண்டும் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பரிந்துரைத்தது. மலையின் உயரமும், புல்வெளி எந்த அளவுக்கு உருமாறியுள்ளது என்பதுமே இப்பறவை ஓரிடத்தில் இருப்பதையும் இல்லாமற் போவதையும் முடிவு செய்கின்றன என்பது அவ்வாய்வின் சாரம்.

இரண்டுக்கும் ஒரே வீடு

மலரை நம்பிப் பறவை வாழவில்லை. பறவையை நம்பி மலரும் இல்லை. குறிஞ்சிப் பூவின் தேனை நாடி வருவன தேனீக்கள். நெட்டைக்காலிக்குக் குறிஞ்சி பூத்தாலும் பூவாவிட்டாலும் ஒன்றே. இவ்விரண்டையும் இணைப்பது அவை குடியிருக்கும் வீடு ஒன்றுதான். அது மலையுச்சிப் புல்வெளி.

நீலகிரியையும் ஆனைமலையையும் பழனிமலையையும் முன்னாளில் கண்டோர் இருவகை நிலத்தைக் கண்டனர். மடிப்பான பள்ளங்களில் நீரோடை ஒட்டிய அடர்ந்த குறுமரக் காடு. மேட்டிலும் சரிவிலும் பரந்த புல். அந்தக் காட்டுக்குச் சோலை என்று பெயர். இத்தமிழ்ச்சொல்லையே உலக அறிவியலார் ‘ஷோலா’ என்று எடுத்து ஆள்கின்றனர். தமிழ்ச்சொல் ஒன்று அறிவியல் நூல்களில் நிலைபெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சோலைக்கு அருகே, அதனினும் பரந்து கிடந்த புல்வெளிக்கு அவ்வாறு ஒரு தனிப்பெயர் நிலைபெறவில்லை. பெயரில்லாத இடத்துக்கு வேறொரு பெயர் வந்து சேர்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மரத்தை வெட்டியதாலும் தீ வைத்ததாலும் உண்டான வெற்றிடமே இப்புல்வெளி என்று நெடுங்காலம் பலர் கருதினர். அது பிழை. நீலகிரிப் பள்ளங்களின் சதுப்புகளில் படிந்துள்ள கரிமண்ணை அறிவியலார் ஆராய்ந்தனர். ஆர். சுகுமாரும் அவர்தம் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, சென்ற பனியூழியின் போதே, அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இம்மலையில் புல் செழித்திருந்ததைக் காட்டியது. கோடரியும் ஏரும் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்த புல்வெளி அது.

அப்புல்வெளியை நன்கு அறிந்திருந்தவர் தோதவர். எருமை மேய்த்தலையே வாழ்வாகவும் வழிபாடாகவும் கொண்ட அம்மக்கள், தம் கோயில்களுக்குக் கூரை வேய்வதற்கென இன்ன புல் என்று தேர்ந்து கொள்வர். 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்று நீலமலையையும் தோதவரையும் குறிப்பிடுகின்றது. சிலப்பதிகாரத்தில், வடதிசை சென்ற சேரன் செங்குட்டுவன் வழியில் தங்கிய இடமாக நீலகிரி சொல்லப்படுகிறது. ஆகவே அம்மலையை மக்கள் பெயர் சொல்லி அறிந்திருந்த காலம் மிக நீண்டது.

‘தரிசு’ என்ற சொல்

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிச் சென்றார். அதன்பின் உதகமண்டலம் வெள்ளையரின் கோடைத் தங்கலாயிற்று. குளிருக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது. அருகிலிருந்த சோலைகள் விறகாயின. சோலை மரம் மெல்ல வளர்வது. விறகுத் தேவை விரைந்து வளர்ந்தது. ஆதலின் ஆஸ்திரேலியாவிலிருந்து விரைந்து வளரும் மரங்களைக் கொணர்ந்து, 1840-களை ஒட்டி நட்டுப் பார்த்தனர். அவற்றுள் யூகலிப்டஸை எம் மலைமக்கள் கற்பூர மரம் என்றும், வாட்டில் என்பதைச் சீகை மரம் என்றும் சொல்லுவர். நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை தோட்டமாக நடப்பட்டன. எங்கு நடுவது? காடு இருக்குமிடத்தில் நடவேண்டியதில்லை. வெறுமையாகத் தோன்றிய புல்வெளி இருந்தது.

மூணாற்றுப் பக்கத்தில் வேறொரு வகையில் அதுவே நிகழ்ந்தது. 1877-இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ பெற்றார். தேயிலைப் பயிர் சரிவுகளில் ஏறியது. ஆயினும் அங்கு ஓர் உயர்ந்த பகுதி தோட்டத்துரைமாரின் வேட்டைக்கென விடப்பட்டது. வேட்டைக்கு வரையாடு வேண்டும். வரையாட்டுக்குப் புல் வேண்டும். வேட்டையாடுவோர் விட்டு வைத்த அந்த நிலமே 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. குறிஞ்சியும் நெட்டைக்காலியும் இன்று பாதுகாப்புடன் வாழும் இடங்களில் அது முதன்மையானது.

விடுதலைக்குப் பின்னும் போக்கு மாறவில்லை, விரைந்தது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. செயற்கைப் பட்டிழைக்குக் கற்பூர மரத்தின் கூழ் வேண்டியிருந்தது. குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் சில பள்ளத்தாக்குகளைக் கொண்டன. இவற்றுள் எதனையும் தீய எண்ணத்தோடு செய்ததாகக் கூறுதல் நேர்மையன்று. நாட்டுக்குத் தொழில் வேண்டியிருந்தது, மின்சாரம் வேண்டியிருந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பல்லாயிரவர்க்கு நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களே கஞ்சி வார்த்தன. அதனை மறந்து புல்லுக்காக மட்டும் கண்ணீர் விடுதல் பொருந்தாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். புல்வெளி ஒவ்வொன்றும் மறைந்தபோது, எதனை இழக்கிறோம் என்று யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. கணக்கில் அதன் பெயர் ‘தரிசு’ என்றிருந்தமையே காரணம். அலுவலகப் பணியில் காலம் கழித்த எமக்கு இது நன்கு விளங்கும். பதிவேட்டின் ஒரு கட்டத்தில் எழுதப்படும் சொல்லுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதைக் கோப்புகளோடு வாழ்பவர் அறிவர். ‘காடு’ என்று எழுதிய நிலத்தைத் தொடுவதற்குப் பத்துக் கேள்விகள் எழும். ‘தரிசு’ என்று எழுதிய நிலத்தில் எதைச் செய்தாலும் அது மேம்பாடு. 1985-இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் நடுதல் குறிக்கோளாகச் சொல்லப்பட்டது. மரம் வளர்த்தல் அறம் என்று ஊரெங்கும் முழங்கிய காலம் அது.

விளைவை அண்மைக்கால ஆய்வுகள் எண்ணில் தருகின்றன. பழனிமலையில் நான்கு பத்தாண்டுகளில் உயர்மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மேற்குத்தொடர்ச்சி மலையில் 1973-க்கும் 2017-க்கும் இடையே 340 சதுர கிலோமீட்டர்ப் புல்வெளியை, அதாவது 23 விழுக்காட்டை, அயல்மரங்கள் கவர்ந்துகொண்டன என்று 2019-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. நட்ட இடத்தோடு நிற்பதில்லை சீகை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் விழித்து முளைக்கும். வெட்டினாலும் மீண்டும் எழும்.

ஒப்புநோக்கு

இனி இரண்டு உயிர்களின் இடரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, காலம். குறிஞ்சிக்கு 12 ஆண்டுகளில் ஒரே ஒரு வாய்ப்பு. பூத்த ஆண்டில் விதை விழுந்து முளைக்க இடம் இல்லையெனின் அந்தச் சரிவில் அதன் வழித்தோன்றல் இல்லை. நெட்டைக்காலிக்கு ஆண்டுதோறும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஆண்டுதோறும் அதற்குத் திறந்த புல் வேண்டும். ஒன்று அரிதாகத் தேர்வு எழுதும் மாணவரைப் போன்றது. மற்றது நாள்தோறும் கூலி தேடும் தொழிலாளியைப் போன்றது.

இரண்டாவது, இழப்பு நம் கண்ணுக்குத் தெரியும் முறை. குறிஞ்சி மறைந்தால் அது தெரிய 12 ஆண்டுகள் ஆகலாம், ஆனால் அந்த ஆண்டில் ஊரே வந்து பார்த்து, “சென்ற முறை இங்கே பூத்ததே!” என்று சொல்லும். நெட்டைக்காலி இவ்வாண்டு இருந்து அடுத்த ஆண்டு இல்லாமற் போகலாம். அதைக் கேட்பார் இலர். இருந்ததை அறியாதவர் இல்லாமையை எங்ஙனம் அறிவர்?

மூன்றாவது, சட்டம். குறிஞ்சியைப் பறித்தலும் வேரோடு பிடுங்குதலும் இன்று குற்றம். நல்லதே. 2018-இல் கை நிறையப் பறித்துச் சென்ற பலரை யாமே கண்டோம். ஆனால் குறிஞ்சியை அழித்தது பறித்த கை அன்று. அச்சரிவில் ஏறிய தேயிலையும் கற்பூர மரமும் சீகையும், எழுந்த விடுதிகளும் சாலைகளுமே ஆகும். பூவைப் பறியாதே என்னும் சட்டம் பூ நிற்கும் புல்லை முழுவதும் காத்துவிடாது. குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் கதை இதற்குச் சான்று. 2006-இல் அறிவிக்கப்பட்ட பின் பல்லாண்டுகள் கழிந்தும் அதன் எல்லை பற்றிய வழக்கு ஓயவில்லை. வட்டவடையின் தமிழ் பேசும் வேளாண்குடியினர் தம் பட்டா நிலம் பற்றிக் கவலை கொண்டனர். அது நியாயமான கவலை. மலரைக் காப்பது எளிது, நிலத்தைக் காப்பதே அரிது என்பதை இது காட்டுகிறது.

நான்காவது, புகழ். புகழ் மலருக்கு அரணாயிற்று. அதே புகழ் அதற்குச் சுமையும் ஆயிற்று. பூக்கும் ஆண்டில் மிதிக்கும் கால்கள் எத்தனை! பறவைக்குப் புகழில்லாமையால் கூட்டத்தின் தொல்லை இல்லை, ஆதரவும் இல்லை. எனினும் ஒன்றை மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். குறிஞ்சிக்காகவோ வரையாட்டுக்காகவோ ஒரு புல்வெளி காக்கப்படும்போது, பெயர் சொல்லாமலே நெட்டைக்காலியும் காக்கப்படுகிறது. இரவிகுளத்தைப் போலவே, 1982-இல் சரணாலயமாகி 1990-இல் தேசியப் பூங்காவான முக்கூர்த்தியும் இதற்கு எடுத்துக்காட்டு. பாடல் பெற்ற மூர்த்தியின் கோயிலில் பாடல் பெறாத பரிவார தெய்வத்துக்கும் விளக்கு எரிவது போன்றது அது.

எம் பங்கு

இவ்வளவும் எழுதிவிட்டு எம் செயலை மறைத்தல் நேர்மையாகாது. 1994-இல் குறிஞ்சி பூத்தபோது யாம் உயர்நிலைப் பள்ளி மாணவர். எம் தமிழாசிரியர் வகுப்பு முழுவதையும் ஊருக்கு மேற்புறச் சரிவுக்கு அழைத்துச் சென்று, நீலமாகக் கிடந்த அச்சரிவில் அமரச் செய்து, குறிஞ்சித் திணையைப் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் இன்றும் மறக்கவில்லை. ஓராண்டு கழித்து, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், மரக்கன்றுகள் வந்திறங்கின. கற்பூரமும் சீகையும். “மரம் இல்லாத மலை முடி இல்லாத தலை” என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, அதே சரிவில் குழி தோண்டி நட்டோம். பூத்து முடிந்து மடிந்த குறிஞ்சிச் செடிகள் காய்ந்த சுள்ளிகளாக நின்றன. அவற்றைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டே குழி தோண்டினோம். அடுத்த தலைமுறையின் விதைகள் அம்மண்ணில் விழுந்திருந்தன என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. அன்று மாலை கிடைத்த பாராட்டுச் சான்றிதழ் எம் பெட்டியில் இன்றும் உள்ளது.

2006-இல் ஊர் சென்றபோது, அச்சரிவின் ஓரத்தில் மட்டும் சில குறிஞ்சிச் செடிகள் பூத்திருந்தன. 2018-இல் அதுவும் இல்லை. சரிவு முழுவதும் சீகைக் காடு. உள்ளே பகலிலும் இருள். தரையில் புல் இல்லை. ஆதலின்தான் எம் மகனுக்குக் குறிஞ்சி காட்ட முகட்டின் மேலுள்ள வேறிடத்துக்கு ஏற வேண்டியிருந்தது. எம் பள்ளி நாள்களில் நெட்டைக்காலி அச்சரிவில் இருந்ததா என்று தெரியாது. யாம் பார்த்ததில்லை என்பதைவிட, பார்க்கவே இல்லை என்பதே உண்மை.

இதனைக் கூறுவது எம் ஆசிரியரையோ அக்காலத்து அதிகாரிகளையோ பழிப்பதற்கன்று. அவர்கள் நல்லது என்று நம்பியதைச் செய்தனர். யாமும் அவ்வாறே செய்தோம். மரம் நடுதல் நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்காமல் நடும் மரம், அவ்விடத்தில் முன்பே குடியிருந்தவரை வெளியேற்றிவிடும். அண்மையில் தமிழ்நாடு அரசும் இதனை உணர்ந்து, அயல்மரங்களை நீக்கி இயற்கை நிலத்தை மீட்பதற்கென 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. மீட்டல் எளிதன்று, நடுவதற்கு ஒரு நாள் போதும், நீக்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். ஆகவே எஞ்சியுள்ள புல்வெளியை முதலில் காத்தலே அறிவுடைமை.

முடிவுரை

நம் முன்னோர் நிலத்துக்குப் பூவின் பெயரைச் சூட்டினர். பூவைக் காப்பதற்கு முன் நிலத்தைக் காக்க வேண்டும் என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகிறது. குறிஞ்சி என்பது செடிக்கு மட்டும் பெயரன்று. மலைக்கும், அதன் நீருக்கும், புல்லுக்கும், புல்லில் கூடு கட்டும் பெயரறியாப் பறவைக்கும் சேர்த்து வைத்த பெயர் என்று நாம் கொள்ளல் வேண்டும்.

2030-இல் குறிஞ்சி மீண்டும் பூக்கும். அன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்குச் செல்லும் சங்கக் குடும்பங்கள் பல இருக்கும். செல்வோர் பாதையை விட்டு விலகிப் புல்லை மிதியாதிருத்தல் வேண்டும். பூவைப் பார்த்த பின் சற்று நேரம் அமைதியாக நின்று, புல்லிலிருந்து எழும் மண்ணிறக் குருவி தென்படுகிறதா என்று காத்திருத்தல் வேண்டும். பிள்ளைகள் பெயர் கேட்டால், எம்மைப் போல் விழிக்காமல், “நீலகிரி நெட்டைக்காலி” என்று சொல்லுங்கள். அதற்கு முன்பே பழக விரும்புவோர், வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பூங்காவின் புல்தரையில் அதன் உறவினத்தைத் தேடிப் பார்க்கலாம்.

அன்று எம் மகன் இருபதை எட்டியிருப்பான். எம் ஊர்ச் சரிவில் சீகையை நீக்கும் பணிக்கு எவரேனும் முன்வருவாராயின், கன்று நட்ட அதே கைகளோடு யாமும் வந்து சேர்வோம். சான்றிதழ் எதுவும் வேண்டாம்.